தண்ணீரில் கண்டம்

1950 நவம்பர் 27. வட கொரியாவின் சோசின் நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள மலைகளில் வெப்பநிலை மைனஸ் 30 டிகிரி செல்சியஸை நெருங்கிக்கொண்டிருந்தது. சீனப் படையின் முற்றுகைக்குள் சிக்கிய அமெரிக்க மரைன் வீரர்கள் அணிந்திருந்தது ‘ஷூபேக்’ என்ற பூட்ஸ். பாதத்தைச் சுற்றி ரப்பர், கணுக்காலுக்கு மேலே தோல், உள்ளே கம்பளி ஃபெல்ட்டில் வெட்டிய இன்சோல். உருகிய பனியோ சேறோ ஒரு சொட்டுகூட உள்ளே புகாது. அந்த ஒரு விஷயத்தில் அதைக் குறைசொல்ல ஆளில்லை.

வினை உள்ளேயிருந்து வந்தது. சுமையைத் தூக்கிக்கொண்டு மலையேறும்போது வீரர்களின் கால்கள் வியர்த்தன. வெளித் தண்ணீரை விடாத ரப்பர், உள்ளே ஊறிய வியர்வையையும் வெளியே விடவில்லை. இன்சோல் நனைந்தது, சாக்ஸ் நனைந்தது. மேலேறி, பள்ளம் தோண்டி, துப்பாக்கியோடு அசையாமல் உட்கார்ந்த அரை மணியில் அந்த ஈரம் குளிர்ந்தது, பிறகு உறைந்தது. விவரம் தெரிந்தவர்கள் இன்னொரு ஜோடி இன்சோலையும் சாக்ஸையும் சட்டைக்குள், வயிற்றோடு ஒட்டி வைத்துக்கொண்டு, உடல் சூட்டில் காயவைத்து மாற்றி மாற்றிப் போட்டார்கள். சண்டைக்கு நடுவே எல்லோருக்கும் அது முடியவில்லை. இரண்டு வாரச் சண்டை முடிந்தபோது, குண்டடி படாமலே பாதிக்கப்பட்டோர் பட்டியலில் முற்றுகையில் சிக்கிய அந்த மரைன் டிவிஷனில் மட்டும் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குப் பனிக்கடி.

ஜாதகம் பார்ப்பவர்கள் சிலருக்கு ‘தண்ணீரில் கண்டம்’ என்பார்கள். குளிர்ப் பிரதேச பூட்ஸுக்கு ஜாதகம் எழுதினால் அந்த வரியை மூன்று முறை எழுத வேண்டும். முதல் தண்ணீர் வெளியேயிருந்து வருவது. இரண்டாவது, காலே சுரப்பது. மூன்றாவது, பூட்ஸ் அலமாரியில் சும்மா கிடக்கும்போது காற்றிலிருந்து வருவது. முதலாவதைப் பார்த்துத்தான் மக்கள் பூட்ஸ் வாங்குகிறார்கள். பூட்ஸ் காலை வாருவதோ பெரும்பாலும் மற்ற இரண்டினால்.

காலுக்கு ஏன் முதலில் குளிர்கிறது?

உடலின் வெப்ப நிர்வாகம் கொஞ்சம் ஈவிரக்கமற்றது. குளிர் தாக்கினால் இதயம், நுரையீரல், மூளை ஆகியவற்றின் சூட்டைக் காப்பாற்றுவதற்காகக் கை கால் விரல்களின் ரத்தக் குழாய்களை அது சுருக்கிவிடும். பாதத்தில் சூட்டை உண்டாக்கும் தசை குறைவு. எலும்பும் தசைநாரும்தான் அதிகம். ரத்தம் கொண்டுவரும் சூடுதான் அதற்கு வரவு. வரவு நின்றால் பாதம் தன் இருப்பைச் செலவழித்து வாழ வேண்டும்.

அந்த இருப்பு எவ்வளவு வேகமாகக் கரையும் என்பதைத் தீர்மானிப்பது ஈரம். அசையாத காற்று வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்தும். தண்ணீர் அதைப்போல் சுமார் 25 மடங்கு வேகமாகக் கடத்தும். கம்பளியோ பஞ்சோ காலைச் சூடேற்றுவதில்லை. இழைகளுக்கிடையே காற்றை நகரவிடாமல் பிடித்துவைப்பதுதான் அவற்றின் வேலை. அந்தக் காற்று இருந்த இடத்தில் தண்ணீர் குடியேறினால், விலை உயர்ந்த வெப்பக் காப்பும் ஈரத்துணிதான்.

இதற்கு உறைபனிகூடத் தேவையில்லை. முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில், வெப்பநிலை பூஜ்ஜியத்துக்கு மேலே இருந்தபோதே, நாட்கணக்கில் ஈர பூட்ஸோடு நின்ற வீரர்களின் கால்கள் மரத்து, வீங்கி, அழுகின. ‘ட்ரெஞ்ச் ஃபுட்’ என்று பெயர் வைத்தார்கள். அதனாலும் பனிக்கடியாலும் மருத்துவமனையில் சேர்ந்த பிரிட்டிஷ் வீரர்கள் சுமார் 75,000 பேர். ராணுவம் கண்ட தீர்வு எளிமையானது: சாக்ஸை மாற்று, காலைத் துடை, திமிங்கில எண்ணெய் தடவு. இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து, ஒருவர் காலை மற்றவர் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றும் ஏற்பாடு செய்தார்கள்.

முதல் தண்ணீர்: தையல் வழியே

நீர் புகாத காலணியின் பலவீனம் அதன் தோலில் இல்லை, தையலில் இருக்கிறது. ஊசி போன துளை ஒவ்வொன்றும் ஒரு வாசல்.

இதை ஆர்க்டிக்கின் இனுயிட் பெண்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். சீல் தோலில் அவர்கள் தைக்கும் ‘கமிக்’ பூட்ஸின் தையலை உற்றுப் பார்த்தால், ஊசி தோலை முழுவதும் துளைத்து மறுபக்கம் போகவே இல்லை என்பது தெரியும். இரண்டு தோல் விளிம்புகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்து, ஒரு தோலின் பாதித் தடிமன்வரை மட்டும் ஊசியை நுழைத்து, பக்கவாட்டில் எடுத்துவிடுவார்கள். பிறகு திருப்பிப் போட்டு மறுபக்கத்திலும் அப்படியே ஒரு வரிசை. எந்தத் துளைக்கும் மறுமுனை இல்லை. நூலாகப் பயன்படுவது விலங்கின் தசைநார். நனைந்தால் அது ஊதி, இருக்கும் துளையையும் அடைத்துக்கொள்ளும்.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் லியான் லியான்வுட் பீன் என்ற வேட்டைப் பிரியர் இந்தப் பாடத்தைக் காசு கொடுத்துக் கற்றார். காட்டில் நனைந்த கால்களோடு திரும்பி அலுத்துப்போன அவர், ரப்பர் அடிப்பாகத்தோடு தோல் மேல்பாகத்தைச் சேர்த்துத் தைத்த பூட்ஸை 1912-இல் விற்கத் தொடங்கினார். விற்ற முதல் 100 ஜோடிகளில் 90 திரும்பி வந்தன. தோலும் ரப்பரும் சேரும் தையல் பிய்ந்துபோயிருந்தது. பீன் அத்தனை பேருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, கடன் வாங்கி, இணைப்பைச் சரிசெய்தார். அதே அமைப்புதான் பின்னால் ஷூபேக்காகக் கொரியாவுக்குப் போனது.

அடுத்த பாய்ச்சல் 1969-இல். நான்ஸ்டிக் தவாவில் பூசப்படும் பி.டி.எஃப்.இ. என்ற பிளாஸ்டிக்கை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார் பாப் கோர் என்ற பொறியாளர். சூடாக்கிய கம்பிகளை மெதுவாக இழுத்தபோதெல்லாம் அவை அறுந்தன. வெறுத்துப்போய் ஒன்றை வெடுக்கென்று இழுத்தார். அறுபடாமல் பல மடங்கு நீண்டது. உள்ளே கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நுண்துளைகள். அதுதான் கோர்-டெக்ஸ். துளை ஒவ்வொன்றும் ஒரு நீர்த்துளியைவிட ஆயிரக்கணக்கான மடங்கு சிறியது, ஆனால் நீராவி மூலக்கூறு புழங்கத் தாராளமான இடம். துளி வராது, ஆவி போகும். பூட்ஸில் இந்தச் சவ்வை ஒரு சாக்ஸ் போலத் தைத்து, தையலின்மேல் நாடா ஒட்டி, வெளித்தோலுக்கும் உள் லைனிங்குக்கும் நடுவே செருகுகிறார்கள். வெளித்தோலில் எத்தனை தையல் இருந்தாலும் கவலையில்லை.

ஆனால் ஆவி தானாக வெளியே போவதில்லை. உள்ளே வெப்பமும் ஈரமும், வெளியே குளிரும் வறட்சியும் இருந்தால்தான் அந்த அழுத்த வேறுபாடு ஆவியைத் தள்ளும். வெளித்தோல் தண்ணீரில் ஊறிவிட்டாலோ சேறு அப்பிக்கொண்டாலோ தள்ளுமுள்ளு நின்றுவிடும். சவ்வு ஒழுகியிருக்காது, இருந்தும் உள்ளே ஈரம் இருக்கும். ‘புது பூட்ஸ் ஒழுகுகிறது’ என்று கடைக்குத் திரும்பி வருபவர்களில் பலர் கொண்டுவருவது சொந்த வியர்வையைத்தான்.

சந்தேகமென்றால் வீட்டிலேயே தீர்த்துக்கொள்ளலாம். நன்றாகக் காய்ந்த பூட்ஸுக்குள் உலர்ந்த செய்தித்தாளைத் திணித்து, கணுக்கால் மட்டம் வரை தண்ணீருள்ள வாளியில் இரண்டு மணி நேரம் நிறுத்தி வைக்க வேண்டும். மேலே மிதக்காமல் ஒரு கல்லைக் கட்டிக்கொள்ளலாம். எடுத்துப் பார்க்கும்போது காகிதம் மொறுமொறுவென்று இருந்தால், குற்றவாளி கால்தான்.

இரண்டாவது தண்ணீர்: காலின் ஊற்று

உடலில் வியர்வைச் சுரப்பிகள் மிக நெருக்கமாக அமைந்த இடங்களில் ஒன்று உள்ளங்கால். கடும் குளிரிலும் வேலை செய்யும் கால் வியர்க்கும். இந்தத் தண்ணீரை என்ன செய்வது என்பதற்கு மனிதர்கள் இரண்டு விடைகள் கண்டிருக்கிறார்கள்.

முதல் விடை, அதை உறிஞ்சி எடுத்து வெளியே கொட்டுவது. ஆல்ப்ஸ் பனிப்பாறையில் 1991-இல் கிடைத்த ஏட்ஸி என்ற 5,300 ஆண்டுப் பழைய மனிதனின் காலணியில் கரடித்தோல் அடி, மான்தோல் மேல்பாகம், உள்ளே மரப்பட்டை நாரில் பின்னிய வலை. வலைக்கும் தோலுக்கும் இடையே காய்ந்த புல் திணித்திருந்தது. ஸ்காண்டிநேவியாவின் சாமி மக்கள் கலைமான் தோல் பூட்ஸுக்குள் ‘சென்னகிராஸ்’ என்ற ஒருவகைக் கோரைப்புல்லைத் திணித்தார்கள். தென் துருவத்துக்குப் போன பயணிகளும் அதையே கடன் வாங்கினார்கள். வியர்வை புல்லில் ஏறி உறையும். இரவில் எடுத்து உதறினால் பனித்துகளாகக் கொட்டிவிடும். இன்றைய குளிர் பூட்ஸ்களில் கழற்றி எடுக்கக்கூடிய ஃபெல்ட் உள்ளுறை செய்வதும் இதே வேலைதான்.

இரண்டாவது விடை தலைகீழானது. சோசின் அனுபவத்துக்குப் பிறகு அமெரிக்க ராணுவம் புது பூட்ஸ் ஒன்றைக் கொண்டுவந்தது. உள்ளேயும் ரப்பர், வெளியேயும் ரப்பர், நடுவே காற்றுப் புகாமல் சீல் வைத்த கம்பளி. வியர்வை வெளியேறாது; கால் நனையும்; நனையட்டும். காப்புப் பொருளைத் தொட மட்டும் அதற்கு வழியில்லை. ஆகவே கம்பளி என்றும் உலர்ந்தே இருக்கும், ஈரக் கால் வெதுவெதுப்பாகவே இருக்கும். உப்பிய உருவத்தைப் பார்த்து வீரர்கள் அதற்கு ‘மிக்கி மவுஸ்’ என்று பெயர் வைத்தார்கள். பின்னால் வந்த வெள்ளை நிற ‘பன்னி பூட்ஸ்’ மைனஸ் 54 டிகிரி வரை தாங்கும் என்று மதிப்பிடப்பட்டது. அதன் பக்கவாட்டில் ஒரு சின்ன வால்வு இருக்கும். விமானத்தில் ஏறும்போது அதைத் திறக்காவிட்டால், உயரத்தில் அடைபட்ட காற்று விரிந்து ரப்பர் உப்பிவிடும்.

கடையில் இன்று பெரும்பாலும் கிடைப்பது இந்த இரண்டுக்கும் நடுவிலான சமரசம்: நீர் புகாத சவ்வும், 1970-களின் இறுதியில் 3எம் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த தின்சுலேட் போன்ற மெல்லிய செயற்கை இழைக் காப்பும். இழை எவ்வளவு மெலிதோ, அதே தடிமனில் அவ்வளவு அதிகமாகக் காற்றைப் பிடித்துவைக்கும். பெட்டியில் 200 கிராம், 400 கிராம், 800 கிராம் என்று போட்டிருப்பது பூட்ஸின் எடை என்று நினைப்பவர்கள் உண்டு. அது ஒரு சதுர மீட்டர் காப்புத்துணியின் எடை.

எண் பெரிதானால் நல்லது என்பதும் தவறு. நாள் முழுக்க ஏறி இறங்கி மூட்டை தூக்குபவருக்கு 200 கிராமே போதும். 800 கிராம் போட்டால் கால் வெந்து, வியர்த்து, மதிய இடைவேளையில் விறைக்கும். மணிக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும் காவலருக்கும் கிரேன் இயக்குபவருக்கும்தான் 800 கிராமும் அதற்கு மேலும் வேண்டும். வெளியே எவ்வளவு குளிர் என்பதற்கு முன், கால் எவ்வளவு நடக்கும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

சோலைத் திருப்பிப் பார்

வேலைக்கான பூட்ஸில் எழுத்துகளும் குறிகளும் நிறைய இருக்கும். அவற்றை வாசிக்கத் தெரிந்தவர் விற்பனையாளரின் பேச்சை நம்பியிருக்க வேண்டியதில்லை.

ஐரோப்பாவிலும் மற்றும் பல நாடுகளிலும் செல்லுபடியாகும் தரம் ஐ.எஸ்.ஓ. 20345. இந்தியாவில் அதை ஒட்டியது ஐ.எஸ். 15298-இன் இரண்டாம் பகுதி. விரலைக் காக்கும் முன்மூடி 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டும். 20 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். ‘எஸ்3’ என்றிருந்தால் மேல்பாகம் தண்ணீரைத் தடுக்கும், ஆணி குத்தாது, சோலில் பிடிப்புக் கட்டைகள் உண்டு. ஆனால் அந்த நீர்த் தடுப்பு மேல்பாகத்துக்கான உறுதி மட்டுமே. தையல், இணைப்பு எல்லாம் சேர்த்து முழு பூட்ஸும் நீர் புகாதது என்பதற்கு ‘டபிள்யூ.ஆர்.’ என்ற குறி வேண்டும்.

குளிருக்கான குறி ‘சி.ஐ.’. மைனஸ் 17 டிகிரி அறையில் அரை மணி நேரம் வைத்தபின் உள்ளடியின் வெப்பநிலை 10 டிகிரிக்கு மேல் குறையவில்லை என்று பொருள். அரை மணி நேரம்தான். அதுவும் அடிப்பாகத்துக்கு மட்டும். எட்டு மணி நேர ஷிஃப்டுக்கு அது ஓர் ஆரம்பத் தகுதி, அவ்வளவே.

கனடாவில் இதே கதை வேறு சின்னங்களில். ஸ்கார்பரோவில் கிடங்குகளிலும் கட்டுமான இடங்களிலும் வேலை செய்யும் ஈழத்தமிழர்களுக்குப் பூட்ஸின் பச்சை முக்கோணம் பழக்கமானது: விரலுக்கு 125 ஜூல் பாதுகாப்பு, அடியில் ஆணி குத்தாத தகடு. வெள்ளைப் பட்டையில் ஆரஞ்சு நிற ஒமேகா எழுத்து இருந்தால் மின் அதிர்ச்சிக்கு எதிரான பாதுகாப்பு. குளிருக்கும் தண்ணீருக்கும் இந்த இரண்டு சின்னங்களும் உத்தரவாதம் தருவதில்லை. அதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

இரும்பு முன்மூடி விரலைக் குளிர வைக்கும் என்ற பேச்சு எல்லா வேலையிடங்களிலும் உண்டு. ஸ்வீடனில் கலேவ் குக்லானே போன்ற ஆய்வாளர்கள், சூடேற்றப்படும் செயற்கைப் பாதத்துக்கு பூட்ஸ் மாட்டி வெப்ப இழப்பை அளந்தார்கள். பூட்ஸின் காப்புத்திறனை இரும்பு மூடி பெரிதாகக் குறைக்கவில்லை; உள்ளே சேர்ந்த ஈரம்தான் குறைத்தது.

அளவு பார்ப்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். பூட்ஸ் வாங்க மாலையில் போவது நல்லது; நாள் முழுக்க நடந்த கால் சற்றே பருத்திருக்கும். வேலைக்குப் போடும் கம்பளி சாக்ஸையே போட்டுக்கொண்டு அணிந்து பார்க்க வேண்டும். உள்ளே விரல்கள் தாளம் போட முடிய வேண்டும். குளிருக்குப் பயந்து இறுக்கமான பூட்ஸுக்குள் இரண்டாவது சாக்ஸைத் திணித்தால், காப்பிலிருந்த காற்று நசுங்கி வெளியேறும், ரத்த ஓட்டமும் தடைபடும். இரண்டு சாக்ஸ் போட்ட கால், ஒன்று போட்டதைவிடச் சீக்கிரம் விறைப்பது இப்படித்தான். பருத்தி சாக்ஸ் வேண்டவே வேண்டாம். உறிஞ்சிய ஈரத்தைத் தோலோடு ஒட்டி வைத்துக்கொள்ளும். கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவு ஈரத்தை இழைக்குள் வாங்கிக்கொண்டும் நனைந்த உணர்வைத் தராது.

இரவில் நடக்க வேண்டிய வேலை

பூட்ஸின் ஆயுள் அது கழற்றப்பட்ட பிறகான பன்னிரண்டு மணி நேரத்தில் தீர்மானமாகிறது. இன்சோலையும் உள்ளுறையையும் உருவி எடுக்க வேண்டும்; உள்ளேயே விட்டால் அடியில் ஈரம் அப்படியே நிற்கும். கயிற்றைத் தளர்த்தி, நாக்கை முன்னால் இழுத்து, கசக்கிய செய்தித்தாளை விரல் முனைவரை திணித்து, ஒரு மணி நேரத்தில் அதை எடுத்துப் புதிய காகிதம் வைத்தால் பாதி வேலை முடிந்தது. மீதியை மின்விசிறி பார்த்துக்கொள்ளும். ஒரு இரவில் முழுவதும் காயாத தடித்த பூட்ஸ்களுக்கு ஒரே வழி, இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு நாள்விட்டு நாள் அணிவது.

அடுப்படி, ஹீட்டர், உச்சி வெயில் மூன்றும் கூடாது. இதன் காரணத்தை ஆம்பூரிலோ ராணிப்பேட்டையிலோ தோல் பதனிடும் தொழிலாளி ஒருவரே சொல்லிவிடுவார். குரோம் ஏற்றிப் பதனிட்ட தோலை அப்படியே காயவிட்டால் பலகைபோல் விறைத்துவிடும். அதனால் உலர்த்துவதற்கு முன் எண்ணெய்க் குழம்பில் புரட்டி, இழைகளுக்கு இடையே எண்ணெயை ஏற்றுகிறார்கள். இழைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் வழுக்குவது அந்த எண்ணெயால். சூட்டில் அது இடம்பெயர, ஈரமும் ஒட்டுமொத்தமாக வெளியேற, இழைகள் ஒட்டிக்கொள்ளும். அடுத்த முறை கால் மடங்கும்போது விரல்களுக்குப் பின்னால் வெடிப்பு விழும். சோலை ஒட்டிய பசையும் சூட்டில் இளகும்.

பனி நாடுகளில் சாலையில் தூவும் உப்பு இன்னொரு எதிரி. தோலில் வெள்ளைக் கோடாகப் பூக்கும் அதை அன்றைக்கே ஈரத்துணியால், தேவைப்பட்டால் தண்ணீர் கலந்த வினிகரால், துடைத்துவிட வேண்டும். காய்ந்த தோலுக்கு அவ்வப்போது கண்டிஷனர் போடலாம், அளவோடு. மெழுகையும் கொழுப்பையும் அள்ளிப் பூசினால் தண்ணீர் வராதுதான். சவ்வு வெளியேற்றும் ஆவிக்கும் வழி அடைபடும். சவ்வே கிழிந்திருந்தால் வெளியே எதைப் பூசியும் பயனில்லை.

மூன்றாவது தண்ணீர்: அலமாரியில்

தூத்துக்குடியின் கடல் உணவு ஏற்றுமதி ஆலைகளில் குளிர்பதனக் கிடங்கு மைனஸ் 18 டிகிரியில் இருக்கும். கதவுக்கு வெளியே கடற்கரைப் புழுக்கம். உள்ளேயிருந்து வெளியே வரும் தொழிலாளியின் குளிர்ந்த பூட்ஸில், ஐஸ் தண்ணீர் டம்ளரின் மேல் முத்து கோப்பதுபோல், காற்றிலிருந்த ஈரம் படியும். அதோடு மீண்டும் உள்ளே போனால் சோலில் அது பனிக்கட்டியாகி வழுக்கும். நுழைவதற்கு முன் துடைத்துவிட்டால் தீர்ந்தது.

கண்ணுக்குத் தெரியாமல் நடப்பது இதைவிட மோசமானது. பல பூட்ஸ்களின் நடுச்சோல் பாலியூரித்தேன் நுரையால் ஆனது. லேசானது, அதிர்ச்சி தாங்குவது, வெப்பத்தையும் தடுப்பது. ஆனால் அதில் ஒரு வகையின் வேதிப்பிணைப்புகளைக் காற்றின் நீராவி கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும். வெப்பமும் ஈரப்பதமும் கூடினால் வேகம் கூடும். அடுத்த பனிக்காலப் பயணத்துக்கென்று சென்னை வீட்டுப் பரணில் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்த பூட்ஸ், சில ஆண்டுகள் கழித்து வெளியே எடுத்து மாட்டும்போது பார்ப்பதற்குப் புத்தம் புதிதாக இருக்கும். பத்தடி நடந்ததும் சோல் பழைய கேக்போல உதிரும். நீர் புகாத சவ்வும், தோலும், தையலும் எல்லாம் சரியாகவே இருக்கும்.

எனவே பையில் கட்டாமல், நன்றாகக் காயவைத்து, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். தள்ளுபடி விற்பனையில் வாங்கும்போது விலைச்சீட்டைப் பார்க்குமுன் பூட்ஸைத் தலைகீழாகத் திருப்புங்கள். சோலின் அடியில் கடிகார முகம்போல ஒரு சிறு வட்டம் இருக்கும். அல்லது உள்பக்கச் சீட்டில் மாதமும் ஆண்டும் அச்சிட்டிருக்கும். அது பூட்ஸ் தயாரான தேதி. மூன்று, நான்கு ஆண்டுகள் பழையது என்றால், எவ்வளவு மலிவானாலும் கீழே வைத்துவிடுங்கள்.